முட்டை வீடு

“வயர் எட்டலைக்கா. பெட்டிய இந்தச் செவுத்தோரமாத்தான் போடணும்” என்று ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்தவர் சொன்னபோது இசைவாணி அப்பாவின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலைப்பக்கம் பெரியப்பா. இடுப்புக்கு அக்கம்பக்கத்து ஆண்கள் இரண்டு பேர். தூக்கியது தூக்கியபடி எல்லோரும் நடு ஹாலில் நின்றார்கள்.

“அங்க வேணாம். நடுவுல வைங்க. நான் ஜங்ஷன் பாக்ஸு எங்கயாச்சும் வாங்கியாரச் சொல்றேன்” என்றாள்.

பெரியப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, மூச்சு வாங்கியது. உயிர் போன உடம்பைக் கையில் வைத்துக்கொண்டு இடம் பார்க்க இது என்ன பெண் பார்க்கிற வீடா என்று அவர் அதட்டினார். அதற்கு மேல் யாரும் அவளைக் கேட்கவில்லை. பெட்டி தரையில் உரசிக்கொண்டு மேற்குச் சுவரோரம் போனது. ஏ.சி.க்காகப் போட்ட பெரிய பிளக் அங்கேதான் இருந்தது. தரையில் பதித்திருந்த வட்டமான கறுப்புக் கல்லுக்கு நேர்மேலே தலைமாடு வந்து உட்கார்ந்தது. அளந்து வைத்தால்கூட அவ்வளவு சரியாக வந்திருக்காது.

ஏன் வேண்டாம் என்பதை அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால் இந்த நேரத்தில் இது ஒரு பேச்சா என்பார்கள். அப்பாவை உள்ளே கிடத்தியதும் கண்ணாடி மூடியை இறக்கி, மோட்டாரைப் போட்டுவிட்டு, பெட்டிக்காரர் வாசலுக்குப் போய் பீடி பற்றவைத்தார்.

விடியற்காலையில் பல் விளக்கப் போன ஜெரோம், வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்து, ஆட்டோ வருவதற்குள் முடிந்துபோயிருந்தார். திண்டுக்கல்லில் கான்ட்ராக்டர் ஜெரோம் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். முட்டை வீட்டு ஜெரோம் என்றால் சின்னப் பிள்ளைகூட மேட்டுப்பட்டிக்கு வழி சொல்லிவிடும். ஊரில் எல்லோரும் பெட்டி பெட்டியாக வீடு கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர் மட்டும் முட்டையை நீளவாக்கில் அறுத்துக் கவிழ்த்த மாதிரி ஒரு ஹாலைக் கட்டினார். இரண்டு கோடியிலும் நெஞ்சு உயரத்துக்குத்தான் சுவர். அங்கிருந்து கூரை வளைந்து மேலே ஏறி, நடுவில் நல்ல உயரம் போய், அதேபோல அந்தப் பக்கம் இறங்கும். பீரோ வைக்க ஒரு நேரான சுவர் இல்லாத வீட்டில் என்னைக் கொண்டுவந்து தள்ளினார் என்று அம்மா பிலோமினா முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அது முட்டை இல்லை, நீள்வட்டம் என்று ஜெரோம் எல்லோரையும் திருத்துவார். மண்தரையில் இரண்டு ஆணி அடித்து, தொளதொளவென்று ஒரு கயிறு கட்டி, கயிற்றைக் குச்சியால் இழுத்துப் பிடித்துச் சுற்றிவந்தே அந்த வளைவை அவர் வரைந்திருந்தார். அந்த இரண்டு ஆணி இருந்த இடங்களுக்குக் குவியம் என்று பெயர். வீடு முடிந்ததும் இரண்டு இடத்திலும் தரையில் ஒவ்வொரு கறுப்புக் கல்லைப் பதித்துவிட்டார். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசினால் போதும். சத்தம் கூரையெல்லாம் பரவிப்போய், மொத்தமும் திரும்பி எதிர்க் கல்லின் மேல் உட்கார்ந்திருப்பவர் காதில் விழும். நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. இசைவாணியும் தம்பி டோனியும் சிறுவயதில் சண்டை போட்டால் ஆளுக்கொரு கல்லில் உட்காரவைத்துவிடுவார். மூஞ்சியைப் பார்க்காமல் பேசிச் சமாதானம் ஆகிக்கொள்ள வேண்டும். அம்மா அதை ஒருநாளும் நம்பியதில்லை. அவள் எங்கே ஒரு இடத்தில் உட்கார்ந்தாள், கேட்டுப் பார்க்க.

அவருக்கு இந்தக் கிறுக்கு எங்கே போனாலும் உண்டு. டீக்கடையில் கிளாசைச் சாய்த்து, டீ நிற்கிற விளிம்பைக் காட்டி இதுவும் நீள்வட்டம் என்பார். அம்மா கேரட்டைச் சாய்த்து அரிந்தால் பக்கத்தில் வந்து நின்று ரசிப்பார். டார்ச்சைச் சுவரோரம் பிடித்து அதிபரவளையம் காட்டுவார். லாரி ஹெட்லைட்டும் மொட்டைமாடி டிஷ்ஷும் பரவளையம், இல்லாவிட்டால் வெளிச்சம் இப்படி நேராகப் போகுமா, படம்தான் தெரியுமா என்று டிரைவரிடமும் கேபிள்காரரிடமும் கேட்பார். சிறுநீரகக் கல்லுக்கு மதுரையில் வைத்தியம் பார்த்தபோதுகூட, ஒரு குவியத்தில் அதிர்ச்சி கொடுத்து மறு குவியத்தில் இருக்கிற கல்லை உடைக்கிற மெஷின் அது என்று தெரிந்ததும், வலியை மறந்து டாக்டரிடம் வரைபடம் கேட்டவர். திருவிழாவுக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரித்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அப்படிப்பட்டவர் இன்றைக்கு ஒரு குவியத்தின் மேல் பேசாமல் படுத்திருந்தார்.

இசைவாணிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அடுக்களைக்குப் போனாள், வாசலுக்கு வந்தாள், மறுபடி அடுக்களைக்குப் போனாள். எதற்குப் போனோம் என்று அங்கே போனதும் மறந்துபோனது. அவளுடையதும் அப்பாவுடையதுமாக இரண்டு போன்களும் மாறி மாறி அடித்தன. கோயிலில் துக்க மணி அடித்துவிட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தூக்குவது என்று பெரியப்பாவும் பங்குச் சாமியாரும் பேசி முடித்திருந்தார்கள். அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்ல வேண்டிய ஒருவன் மட்டும் போனை எடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டான்.

டோனி ஓசூரில் இருந்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் வரை அப்பாவோடுதான் வேலை பார்த்தான். சிவில் படித்தவன், அப்பாவின் வளைவுக் கிறுக்கு அவனுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கு நுழைவாயில் வளைவு கட்டினார்கள். அழகான பரவளையம். கான்கிரீட் இறுகுகிற வரைக்கும் அடியில் முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருக்கிற கம்புகளையும் பலகைகளையும் மூன்று வாரத்துக்குத் தொடக்கூடாது. அதில் பாதி நாள்கூட ஆகாமல் யாரோ பிரிக்கச் சொல்லி, சென்ட்ரிங் மேஸ்திரி சோலைமலை பிரித்தபோது, வளைவு அப்படியே உட்கார்ந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. சோலைமலையின் வலது கால் மட்டும் முட்டிக்குக் கீழே போனது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து, டோனி தம்பிதான் போனில் பிரிக்கச் சொன்னது என்றான் சோலைமலை. டோனி அன்றைக்குப் போன் பேசியது உண்மை. மணல் லோடு பற்றி மட்டும்தான் பேசினேன் என்று அவன் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தான். ஜெரோம் கேட்கவில்லை. கால் போன மனுஷன் பொய் சொல்ல மாட்டான் என்பது அவர் கணக்கு. உலகத்தில் எல்லா வளைவுக்கும் சூத்திரம் வைத்திருந்தவருக்கு இந்த ஒரு கணக்கு மட்டும் நேர்கோடாகப் போய்விட்டது. சோலைமலையைக் கைவிடாமல் தன் குடோனுக்குச் சாவி வைத்துக்கொள்கிற ஆளாக்கினார். மகனிடம் பேச்சை நிறுத்தினார்.

பிடிவாதத்தில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் நூல் பிசகாது. நீங்க செத்தாலும் ஒங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன் என்று இதே ஹாலில் நின்று சொல்லிவிட்டுப் போனான் டோனி. முழிக்காதே என்றார் இவர். நடுவில் மாட்டிக்கொண்ட இசைவாணி, யாரை நம்புவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் போன் செய்துகொண்டிருந்தாள். அப்பா ஒன்னக் கேட்டாருடா என்று அவனிடமும், டோனி ஒங்களக் கேட்டான்பா என்று இவரிடமும் சொல்வாள். இரண்டுமே பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதையும் அவர்கள் சொல்லிக்காட்டினார்கள்.

இன்றைக்கு ஐந்து மணிக்குள் அவன் வந்து முகத்தைப் பார்க்காவிட்டால் இனி எந்த ஜென்மத்திலும் பார்க்க முடியாது. காலையிலிருந்து அவளை ஓரிடத்தில் உட்காரவிடாமல் விரட்டியது இதுதான்.

போன் இரண்டும் சார்ஜ் இறங்கி அணையப் போனபோதுதான் அவள் கிழக்குக் கோடியில், அடுக்களை வாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சார்ஜர் அங்கேதான் இருந்தது. ஜெபம் சொல்ல வந்த கோயில் உபதேசியார் ஜெபமாலையின் ஒரு பத்து மணியை முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அழுதவர்கள் மூக்கைச் சிந்திவிட்டுச் சற்று ஓய்ந்திருந்தார்கள்.

“அண்ணே, ஒன் கல்யாணப் பந்தியில ரசத்துல உப்ப அள்ளிக் கொட்டுனது நாந்தேன்.”

இசைவாணி திடுக்கிட்டுத் திரும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை. ஹாலின் அந்தக் கோடியில் அப்பாவின் தங்கை, மாரம்பாடி அத்தை, கண்ணாடி மேல் கவிழ்ந்து கிடந்தாள். குரல் மட்டும் தோளுக்குப் பின்னால் நின்று பேசுகிற மாதிரி கூரையிலிருந்து இறங்கிவந்தது. அண்ணி மேல இருந்த கோவம்ணே, சமையக்காரரத்தான் எல்லாரும் திட்டுனாக, மன்னிச்சிருண்ணே.

கீழே பார்த்தாள். நாற்காலியின் நாலு கால்களுக்கு நடுவே கறுப்புக் கல் இருந்தது.

கல்லறைக்குத் தூக்குமுன், மனத்தாங்கல் இருப்பவர்கள் இறந்தவர் காதோரம் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்வது அவர்கள் பக்கத்து வழக்கம். வாய்விட்டு யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெட்டி மோட்டாரின் உறுமலும் ஏதோ முனகலும்தான் கேட்கும். இவளுக்கு மட்டும் ஒரு சொல் விடாமல் வந்து விழுந்தது.

அவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். குரல் அறுந்துபோனது. அடுத்தவர் மனசுக்குள் கை விட்ட மாதிரி உடம்பு கூசியது. ஆனாலும் கொஞ்ச நேரத்தில், போன் வயர் இழுக்கிறது என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, பழைய இடத்துக்கே நகர்ந்தாள்.

பேகம்பூர் இரும்புக்கடை அக்பர் அலி வந்தார். அப்பாவுக்குக் கம்பி கொடுத்தே கிழவரானவர். தொப்பியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். “சார், ஒங்க வீட்ட முட்டை வீடுன்னு மொதமொதல்ல சொன்னது நாந்தான். நீங்க கடைசி வரைக்கும் அந்தப் பெயிண்டர்தான்னு நெனச்சு அவனத் திட்டுனீங்க” என்றார். இசைவாணிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அது அழுகையாக மாறி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து அப்போதுதான் முதல்முறையாக அழுதாள்.

மதியத்துக்கு மேல் சோலைமலை வந்தான். கக்கத்தில் கட்டையை ஊன்றி, ஒற்றைச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தவனுக்கு எல்லோரும் வழிவிட்டார்கள். கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, அவனைப் பார்த்ததும் ஒரு பாட்டம் அழுதாள். அவன் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலைமாட்டில் மெதுவாகக் குனிந்தான். நெற்றி கண்ணாடியில் பட்டது.

“மொதலாளி… நாந்தேன், சோலமல. தம்பி சொல்லல மொதலாளி. தம்பி மணலுக்குத்தான் போன் பண்ணுச்சு. சின்னாளப்பட்டி சைட்டுக்குப் பலக பத்தலன்னு நானாத்தான் பிரிச்சேன். காலும் போயி வேலயும் போயிருமோன்னு பயந்து தம்பி பேரச் சொல்லிப்புட்டேன். இன்னைக்குச் சொல்லிரணும், இன்னைக்குச் சொல்லிரணும்னுதான் தெனமும் வருவேன். நீங்க, சாப்டியாலேன்னு கேப்பீக. அதோட எனக்கு வாயடச்சுப் போகும். மன்னிச்சிருங்க மொதலாளி.”

நிமிர்ந்து, முகத்தைத் துண்டால் துடைத்து, கட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. உபதேசியார் அடுத்த பத்தைத் தொடங்கினார்.

இசைவாணி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். திரும்பவும் எழுந்தாள். நாலு வருஷம். நாலு கிறிஸ்துமஸ் டோனி இல்லாமல் போனது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அப்பா ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அவன் அளவில் ஒரு சட்டை எடுத்து அலமாரியில் வைத்தது அவளுக்குத் தெரியும். இத்தனையும் எதற்காக? பலகை பத்தவில்லை என்பதற்காக. ஓடிப்போய் அந்தக் கட்டையைப் பிடுங்கி அவன் மண்டையிலேயே போட வேண்டும் போலிருந்தது.

கேட்டது, சாமியாரிடம் ரகசியமாகப் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் மாதிரிதான். ஆனால் கேட்டவள் சாமியார் இல்லை. வாயை மூடிக்கொண்டிருக்க அவளுக்கு யாரும் குருப்பட்டம் கொடுக்கவில்லை. அப்படி நினைத்துக்கொண்டுதான் வேகமாக வாசலுக்கு வந்தாள்.

ஷாமியானாவின் ஓரத்தில் கட்டையை மடியில் போட்டுக்கொண்டு சோலைமலை உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. “தாயி, ஒரு வாய் காப்பித்தண்ணியாச்சும் குடிச்சியா? மொகமெல்லாம் வாடிக் கெடக்கு” என்றான். அவன் கண் சிவந்து வீங்கியிருந்தது. நல்லவன் கேட்கிற மாதிரியே கேட்டான். நல்லவன்தான், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு அவனைத் தாண்டிப் போனாள்.

எதிரில் ஜெராக்ஸ் கடைப் படியில் டோனி நின்றுகொண்டிருந்தான்.

தோளில் பை. சவரம் செய்யாத முகம். பஸ் பிடித்து, மாறி, இன்னொரு பஸ் பிடித்து வந்த கசங்கல் சட்டையில் இருந்தது. பெரியப்பா மகன்கள் போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். அவள் தெருவைக் கடந்து அவன் முன்னால் போய் நின்றாள்.

“வந்துட்டு இங்கன நிக்கிற.”

“தூக்குறப்பக் கூட வாரேன்க்கா. உள்ள வரல.”

“மூஞ்சியப் பாக்க மாட்டியா?”

“சொன்ன சொல்லு சொன்னதுதான். அவரும் கூப்புடல. கடைசி வரைக்கும் என்னையப் பொய்யன்னு நெனச்சுட்டுத்தான போனாரு. அந்த மூஞ்சியப் போயி நான் எப்படிப் பாக்க?”

சொல்லிவிட வாயைத் திறந்தாள். அங்கேயே நிறுத்திக்கொண்டாள். கூப்பிடு தூரத்தில் சோலைமலை உட்கார்ந்திருந்தான். டோனியின் கோபம் அவளுக்குத் தெரியும். கூடவே நாலு சித்தப்பா பெரியப்பா பையன்கள், காலையிலேயே குடித்துவிட்டு எதையாவது உடைக்கக் காத்திருந்தார்கள். ஆனால் அவளை நிறுத்தியது அதுகூட இல்லை. அவன் நம்ப மாட்டான். உள்ளே வரவைக்க அக்கா இன்னொரு கதை கட்டுகிறாள் என்றுதான் நினைப்பான். நாலு வருஷமாக இரண்டு பக்கமும் அவள் சொன்ன இனிப்பான பொய்கள் எல்லாம் சேர்ந்து இப்போது அவள் வாயைக் கட்டின. இந்த ஊரில் அவள் சொன்னால் நம்பாத ஆள் ஒருவன் உண்டென்றால் அது அவள் தம்பிதான்.

பெட்டிக்குள் இருப்பவர் காதில் பொய் சொல்ல யாருக்கும் வாய் வராது. அதைத்தான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பின்பக்கமா வா. அம்மாவ மட்டும் பாத்துட்டுப் போ. மொகம் தெரியாத எடத்துல ஒன்ன ஒக்கார வைக்கிறேன்.”

“எங்கன?”

“அடுப்படி வாசல்ல ஒரு சேர் கெடக்கு.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். “கருப்புக் கல்லு மேலயா?”

“ஆமா.”

“அந்தப் பக்கம் இருந்து இப்ப யாருக்கா பேசப் போறா?”

“வாடா” என்றாள். அவன் கையைப் பிடித்தாள். சின்னப் பிள்ளையில் பிடித்ததற்குப் பிறகு இன்றைக்குத்தான் பிடிக்கிறாள். அவன் உதறப் பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

பின்சந்து வழியாக, துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, அடுக்களைக்குள் கூட்டிவந்தாள். அடுப்பு பற்றவைக்காத அடுக்களை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த டிபன் கேரியர்கள் மேடையில் அடுக்கியபடி இருந்தன. அவன் பையைக் கீழே வைத்தான். வாசற்படியில் நின்று ஹாலைப் பார்க்காமல், தலையைக் குனிந்தே நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை அடுக்களைப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஹாலில் நிறைந்து நின்ற பெண்களின் முதுகைத் தவிர அங்கிருந்து எதுவும் தெரியாது. சொன்ன சொல் காப்பாற்றிக்கொள்ள வசதியான இடம்தான்.

வாசலில் வண்டி வந்து நின்றது. சவப்பெட்டியை இறக்கிவிட்டார்கள். பெரியப்பா உள்ளே வந்து, நேரமாச்சு, ஒடம்ப மாத்தணும், பொம்பளையாளுக கொஞ்சம் வெலகுங்க என்று விரட்டத் தொடங்கினார். அதைக் கேட்டதும் அழுகை மொத்தமாக வெடித்தது. கூரை முழுக்க அந்தச் சத்தம் சுழன்றது. இந்த இரைச்சலில் எவ்வளவு குனிந்து பேசினாலும் ஒரு சொல்கூட அந்தப் பக்கம் போய்ச் சேராது.

இசைவாணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு உபதேசியாரிடம் போனாள். எல்லாரையும் கொஞ்ச நேரம் மௌனமாக ஜெபிக்கச் சொல்லுங்கள் என்றாள். பெட்டி மாற்றுகிற நேரத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லையே என்று அவர் தயங்கினார். பெரியப்பா கடிகாரத்தைக் காட்டினார். “அப்பாவுக்குச் சத்தம் ஆகாது ஐயா. ஒரு தரம் கேக்குறேன்” என்றாள் அவள். பச்சைப் பொய். சென்ட்ரிங் அடிக்கிற சத்தத்தில் தூங்கி எழுந்தவர் ஜெரோம். அவள் முகத்தைப் பார்த்த உபதேசியார் வேறெதுவும் கேட்காமல் கையை உயர்த்தினார்.

கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அம்மா விசும்பலை முழுங்கினாள். பெட்டிக்காரர் ஓடிவந்து மோட்டாரையும் அணைத்தார். ஹாலில் வளையல் ஓசைகூட இல்லை.

இந்த அமைதி அதிக நேரம் நிற்காது. சோலைமலையை என்ன செய்வது, அம்மாவிடம் எப்போது சொல்வது, ஊருக்குச் சொல்வதா வேண்டாமா, எல்லாவற்றையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். முகம் நாளைக்கு இருக்காது.

அவள் தலைமாட்டில் மண்டியிட்டுக் கண்ணாடியோடு வாயை ஒட்டினாள். அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரையோ திருத்த வந்து பாதியில் நிறுத்தியவர் மாதிரி இருந்தார்.

“அப்பா, நான் இசை. முட்டுப் பிரிக்கச் சொன்னது டோனி இல்லப்பா. சோலமல தானாத்தான் பிரிச்சிருக்கான். செத்த நேரத்துக்கு முந்தி இங்கன வந்து ஒங்க காதுல அவனே சொல்லிட்டுப் போனான். நீங்க படுத்திருந்தீங்க, நான் அந்தக் கல்லுல ஒக்காந்திருந்தேன். என் காதால கேட்டேன்பா. டோனி பொய் சொல்லல. அன்னைக்கும் சொல்லல, என்னைக்கும் சொல்லல. மணலுக்குத்தான் போன் பண்ணியிருக்கான்.”

நிறுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. யாரோ ஒரு குழந்தை இருமியது. பெரியப்பா காலை மாற்றி நின்றார். போய்ச் சேரவில்லையோ, எழுந்து போய்விட்டானோ, கல்லின் மேல்தான் நாற்காலியைப் போட்டோமா என்று அவளுக்கு உடம்பெல்லாம் பதறியது. நிமிர்ந்து பார்க்கவும் பயமாக இருந்தது. அப்படியே கிடந்தாள்.

தலைக்கு மேலேயிருந்து மெல்ல ஒரு குரல் இறங்கிவந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவள் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

“அக்கா.”

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னொருக்கா சொல்லுக்கா, அவருகிட்ட.”

இசைவாணி இன்னொரு தரம் சொன்னாள். இந்த முறை சீக்கிரம் முடிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது, அந்தக் கோடியில் பிளாஸ்டிக் நாற்காலி தரையில் உரசி நகர்கிற சத்தம் கேட்டது. பெண்கள் யாரோ விலகி வழிவிட்டார்கள்.

கண்ணாடியில் அவள் மூச்சு திட்டுத் திட்டாகப் படிந்து, உள்ளே அப்பாவின் முகம் தெரியாமல் இருந்தது. முந்தானையைச் சுருட்டி அழுத்தித் துடைத்தாள்.